பழைய கேம்களுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் என் வீட்டு மாடி அறையில் மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒரு பென்டியம் எம்எம்எக்ஸ், ஒரு பென்டியம் 3, ஒரு பென்டியம் 4. மூன்றும் வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துப் பரண்களிலிருந்தும் காயலான் கடைகளிலிருந்தும் வந்தவை. மூன்றும் இன்றைக்கும் ஓடுகின்றன. 2000-களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதுதான் எனக்குப் பிழைப்பாக இருந்தது. இந்த மெஷின்களைப் பார்க்க வருகிற கல்லூரிப் பிள்ளைகளும், சின்ன வயதில் டேவ் கேம் விளையாடிய என் வயதுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகளில் நல்ல தகவல் நிறைய உண்டு. ஆனால் நம் ஊர் வெயிலையும், நம் ஊர் கரண்டையும், நம் காயலான் கடையில் கிடைக்கும் போர்டுகளையும் நினைத்து எழுதியவை அல்ல அவை.

அண்ணா, எந்த மெஷின் அசெம்பிள் செய்வது? பென்டியம் 2-ஆ, 3-ஆ?

பிராசசரிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு தாளில் நீங்கள் உண்மையாகவே விளையாடப்போகிற ஐந்து கேம்களை எழுதுங்கள். பக்கத்தில் அவை வெளிவந்த ஆண்டை எழுதுங்கள். மெஷின் அங்கிருந்து தானே முடிவாகிவிடும்.

டாஸ் (விண்டோஸுக்கு முன் இருந்த, கட்டளை தட்டி ஓட்டும் இயங்குதளம்) காலத்து கேம்கள், அதாவது 1990-இல் வந்த டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, 1993 டிசம்பரில் வந்த டூம் வரைக்கும்தான் ஆசை என்றால், ஒரு பென்டியம் அல்லது பென்டியம் எம்எம்எக்ஸ் போதும். ரோட் ரேஷ், நீட் ஃபார் ஸ்பீடு 2, கிளா, வர்சுவா காப் 2, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இவையெல்லாம் 1996, 97 வாக்கில் விண்டோஸ் 95-க்காக வந்தவை. இவற்றோடு 1999-இல் வந்த மிட்டவுன் மேட்னஸ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இரண்டையும் சேர்த்தால் பென்டியம் 3-உம் விண்டோஸ் 98 செகண்ட் எடிஷனும் சரியான ஜோடி. ஐஜிஐ, வைஸ் சிட்டி என்று போனால் பென்டியம் 4-இல் எக்ஸ்பி போடுங்கள்.

ஒரே மெஷினில் எல்லாம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: 440பிஎக்ஸ் சிப்செட் (போர்டின் பாகங்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் சிப்) உள்ள ஒரு பென்டியம் 2 அல்லது 3 போர்டு. 1998-இல் வந்த இந்த சிப்செட் உள்ள போர்டில் கிராபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி ஸ்லாட்டும் இருக்கும், டாஸ் காலத்து சவுண்டு கார்டுகளுக்கான பழைய ஐஎஸ்ஏ ஸ்லாட்டும் இருக்கும். டாஸுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் இதைப் போல ஒரு பாலம் அதற்கு அப்புறம் வரவில்லை. கிடைத்தால் விடாதீர்கள்.

ஆனால் நம் பக்கத்தில் அதிகம் கிடைப்பது இன்டெல் 810 சிப்செட் போர்டும் அதில் செலரானும்தான். 2000, 2001-இல் வீடுகளுக்கும் பிரௌசிங் சென்டர்களுக்கும் நாங்கள் அசெம்பிள் செய்து கொடுத்ததில் பாதிக்கு மேல் இதுதான். கிராபிக்ஸும் சவுண்டும் போர்டிலேயே இருக்கும், ஏஜிபி ஸ்லாட் இருக்காது. இதைத் தள்ளிவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. ரோட் ரேஷும் கிளாவும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும் நம்மில் பலர் முதலில் விளையாடியது இந்தப் போர்டுகளில்தான். அந்த கேம்களுக்கு இது இன்றும் போதும்.

டாஸ்பாக்ஸ் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

நியாயமான கேள்வி. கேம் மட்டும் போதும் என்றால், இன்றைய கம்ப்யூட்டரிலேயே டாஸ் கேம்களை ஓட்டும் மென்பொருளான டாஸ்பாக்ஸ் போதும். பழைய மெஷினையே முழுதாக நடித்துக் காட்டும் பிசிஇஎம், 86பாக்ஸ் போன்றவையும் இருக்கின்றன. நானே ஒரு கேமை முதலில் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பழைய மெஷினில் போடுவேன்.

நிஜ மெஷினில் கிடைப்பது வேறு. டாஸ் கேம்களில் பெரும்பாலானவை 320-க்கு 200 என்ற அளவில், விநாடிக்கு 70 தடவை திரையைப் புதுப்பிக்கும். பழைய கண்ணாடிக் குழாய் வகையான சிஆர்டி மானிட்டர் அந்த 70-க்கு அப்படியே ஈடு கொடுக்கும். 60-இல் ஓடும் இன்றைய திரையில் அதே காட்சி லேசாக இடறும். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் இளவரசன் ஓடிவந்து பள்ளத்தைத் தாண்டும்போது அந்த வித்தியாசம் விரலில் தெரியும். அப்புறம், ஒரு மெஷினைத் திறந்து, எது எதோடு பேசுகிறது என்று கையால் தொட்டுக் கற்றுக்கொள்வது இருக்கிறதே, அது எந்த எமுலேட்டரிலும் கிடைக்காது. என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் ஐஆர்கியூ (ஒரு கார்டு பிராசசரைக் கூப்பிடும் வழி) என்றால் என்னவென்று பாடத்தில் படித்திருப்பார்கள். சவுண்டு கார்டும் பிரிண்டர் போர்ட்டும் ஒரே ஐஆர்கியூவுக்கு மோதிக்கொள்வதை இங்கே வந்துதான் முதலில் பார்த்திருப்பார்கள்.

வேலூரில் எங்கே தேடுவது?

முதலில் உங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுப் பரண். உண்மையாகவே சொல்கிறேன். ஒரு காலத்தில் பெரிய காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தூக்கிப்போட மனசு வராமல் துணி போட்டு மூடி ஏற்றி வைத்திருப்பார்கள். பெரியப்பா, சித்தி என்று ஒரு சுற்று போன் போட்டுக் கேளுங்கள்.

அடுத்து, பழைய அலுவலகங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் கணக்குக்காக வைத்திருந்த மெஷின்கள் நீண்ட நாள் ஓடியவை. கேம் விளையாடித் தேய்ந்த மெஷினைவிட கணக்கு எழுதிய மெஷின் நல்ல நிலையில் இருக்கும் என்பது என் அனுபவம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டோடு சேர்த்து கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, காயலான் கடை. அங்கே எடைக்குப் போடுவார்கள், எடைக்கு விற்பார்கள். கடைக்காரரோடு பழகி வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணே, கம்ப்யூட்டர் வந்தா உடைக்காம எடுத்து வைங்க, எடைக்கு மேல போட்டுத் தர்றேன்" என்று சொல்லி வைத்தால் பலர் எடுத்து வைப்பார்கள். சொல்லாவிட்டால் அலுமினியத்துக்காக ஹீட் சிங்கை நெம்பி எடுத்துவிடுவார்கள். அதோடு போர்டும் போய்விடும்.

கார்டு, கேபிள், கெபாசிட்டர் போன்ற உதிரிகளுக்கு நம் ஊர் நல்ல இடத்தில் இருக்கிறது. காட்பாடி ஜங்ஷனில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை ரிச்சி தெரு, இன்னொரு பக்கம் பெங்களூரு எஸ்பி ரோடு. காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். பட்டியல் இல்லாமல் மட்டும் போகாதீர்கள்.

வாங்கும் முன் போர்டில் என்ன பார்க்க வேண்டும்?

கெபாசிட்டரைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

1999-லிருந்து 2007 வாக்கு வரை வந்த போர்டுகள் பலவற்றில் தரமில்லாத எலக்ட்ரோலைட் உள்ள கெபாசிட்டர்கள் போட்டிருந்தார்கள். உள்ளே வாயு உண்டாகி, தலை உப்பி, கடைசியில் வெடித்துக் கசியும். பிராசசரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். மேலே கீறியிருக்கும் கோடு கொஞ்சம் புடைத்திருந்தாலும், பழுப்பு நிறத்தில் பிசுக்கு தெரிந்தாலும் அது போய்விட்டது.

அதற்காக அந்தப் போர்டை விட்டுவிட வேண்டாம். கெபாசிட்டர் மாற்றுவது கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். அதே மைக்ரோஃபாரட் அளவு, வோல்ட் அதே அளவோ அதற்கு மேலோ, 105 டிகிரி தாங்கும் லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) வகை. சாதாரண ரேடியோ கெபாசிட்டரைப் போட்டால் சில மாதத்தில் மறுபடி அதே கதை. கழற்றும் முன்பே எந்தப் பக்கம் மைனஸ் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போர்டில் அச்சடித்திருக்கும் அடையாளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மதர்போர்டின் உள் அடுக்குகள் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் 25 வாட் சால்டரிங் இரும்பு திணறும். பழக்கமில்லாவிட்டால் டிவி மெக்கானிக் ஒருவரிடம் கொடுங்கள். நம் ஊரில் அந்தக் கை இன்னும் இருக்கிறது.

386, 486 போர்டு கிடைத்தால் வேறொன்றைப் பார்க்க வேண்டும். அவற்றில் பீப்பாய் போல ஒரு நீல அல்லது பச்சை பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது கசிந்து சுற்றியுள்ள தடங்களைத் தின்றுவிடும். கசியாவிட்டாலும் முதல் வேலையாக வெட்டி எடுத்துவிடுங்கள். கசிந்திருந்தால் அந்த இடத்தை வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு செல்போன் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) கொண்டு கழுவி, நன்றாகக் காயவையுங்கள். பென்டியம் காலத்திலிருந்து வந்த தட்டையான நாணய பேட்டரிக்கு, சிஆர்2032-க்கு, இந்தப் பிரச்சினை கிடையாது.

கிடைத்த மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்படியே ஆன் செய்து பார்க்கலாமா?

கூடாது. இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கத்தில் 115, 230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் வாங்கிய மெஷினில் யாரோ அதை 115-க்குத் தள்ளி வைத்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை. ஆன் செய்த நொடியில் பெரிய சத்தம், புகை. எஸ்எம்பிஎஸ் போனதற்கு நான் வருத்தப்படவில்லை. கூடவே ஒரு நல்ல 440பிஎக்ஸ் போர்டும் போய்விட்டது. அதற்கு ஈடாக இன்னொன்று கிடைக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அதனால் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகக் கழற்றுங்கள். ஸ்விட்ச் 230-இல் இருக்கிறதா பாருங்கள். ஒரு பழைய சிடி டிரைவையோ ஹார்டு டிஸ்கையோ லோடாக மாட்டி, பெரிய கனெக்டரில் பச்சை ஒயரை ஒரு கருப்பு ஒயரோடு சின்னக் கம்பியால் இணைத்தால் ஃபேன் சுற்றும். மல்டிமீட்டரை வையுங்கள். சிவப்பில் 4.75-லிருந்து 5.25 வோல்ட், மஞ்சளில் 11.4-லிருந்து 12.6, ஆரஞ்சில் 3.3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இதற்கு வெளியே போனால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாதீர்கள். உள்ளே திறந்து பழுது பார்க்கவும் வேண்டாம். கரண்டை எடுத்த பிறகும் அதன் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

புது எஸ்எம்பிஎஸ் போடலாம். 24 பின் கனெக்டர் பழைய 20 பின் சாக்கெட்டில் நான்கு பின் வெளியே நீட்டிக்கொண்டு உட்காரும், தவறில்லை. ஆனால் பென்டியம் 3 வரையிலான போர்டுகள் மின்சாரத்தைப் பெரும்பாலும் 5 வோல்ட்டிலிருந்து எடுக்கும். இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் 12 வோல்ட்டில்தான் பலம் காட்டும். லேபிளில் 5 வோல்ட்டுக்கு எதிரே 20 ஆம்பியராவது போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

486 காலத்து ஏடி வகையில் போர்டுக்கு இரண்டு தனித்தனி கனெக்டர்கள் வரும். இரண்டையும் மாட்டும்போது கருப்பு ஒயர்கள் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வரவேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு போய்விடும்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறதே?

நம் வீடுகளில் இது எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். வெறுங்காலோடு போய்ப் பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டால் ஒரு கூச்சம் போல ஏறும். அது கெட்டுப்போன மெஷின் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் மெஷினில் இல்லை, பிளக் பாயின்ட்டில் இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்து கேபினெட்டுக்கு, ஒன்று நியூட்ரலிலிருந்து கேபினெட்டுக்கு. எர்த் சரியாக இருந்தால் அந்தத் துளி மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் 230-இன் பாதியில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் அந்த நிலையில் மானிட்டர் கேபிளையோ ஸ்பீக்கரையோ மாட்டிக் கழற்றினால் சவுண்டு கார்டு, விஜிஏ போர்ட் போகலாம். எர்த் சரியில்லாத வீட்டில் எஸ்எம்பிஎஸ் நிஜமாகவே பழுதானால் அதே கேபினெட் உயிருக்கும் ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்குச் செலவு செய்யும் முன் இதற்குச் செலவு செய்யுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை.

ராமை எடுத்து, தங்க நிற விரல்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசைத் துடைத்துத் திரும்ப மாட்டுங்கள். பாதி மெஷின்கள் இதிலேயே பிழைத்துவிடும். ஏஜிபி கார்டுக்கும் இதே வைத்தியம். ஸ்பீக்கர் ஒயரை மாட்டி சத்தத்தைக் கேளுங்கள். அவார்டு கம்பெனியின் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குட்டை பீப்பும் வந்தால் டிஸ்ப்ளே கார்டு. விடாமல் கத்தினால் ராம்.

440பிஎக்ஸ் போர்டில் 256 எம்பி ராம் பாதியாகத் தெரிந்தால் ராம் கெடவில்லை. எட்டே சிப்பில் 256 எம்பி கொண்ட ராமை அந்த சிப்செட் முழுதாகப் படிக்காது. பதினாறு சிப் உள்ளதைத் தேடுங்கள்.

சவுண்டு கார்டு எது நல்லது?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்வேன். பழைய கேம்களின் உயிர் பாதி சத்தத்தில் இருக்கிறது.

டேவ் போன்ற கேம்களுக்கு கார்டே வேண்டாம், கேபினெட்டில் உள்ள குட்டி ஸ்பீக்கர் போதும். அதன் பிறகு வந்த டாஸ் கேம்கள் இசைக்கு யமஹாவின் எஃப்எம் சிப்பை நம்பியிருந்தன. 1987-இல் வந்த ஆட்லிப் கார்டிலும், 1989-இல் வந்த முதல் சவுண்டு பிளாஸ்டரிலும் இருந்தது ஓபிஎல்2. பின்னால் வந்தது ஓபிஎல்3. டூமின் முதல் லெவல் இசையை ஓபிஎல்3-இல் கேட்டுவிட்டு எம்பி3-இல் கேட்டால் ஏதோ குறைகிற மாதிரி எனக்குத் தோன்றும். 

ஐஎஸ்ஏ ஸ்லாட் இருந்தால் 1992-இல் வந்த சவுண்டு பிளாஸ்டர் 16 அல்லது ஈஎஸ்எஸ் 1868 சிப் கொண்ட கார்டு. ஈஎஸ்எஸ் கார்டுகள் நம் பக்கத்தில் மலிவாகக் கிடைத்தவை. பெயர் இல்லாத கார்டு என்று ஒதுக்காதீர்கள், மிக நன்றாக வேலை செய்யும். ஐஎஸ்ஏ இல்லாமல் அதற்குப் பின் வந்த பிசிஐ ஸ்லாட் மட்டும் இருந்தால் யமஹா 724 அல்லது 744 சிப் உள்ள கார்டைத் தேடுங்கள். நிஜமான ஓபிஎல்3 உள்ளேயே இருக்கிறது.

810 போர்டுக்காரர்கள் கேட்பது: "விண்டோஸில் சத்தம் வருகிறது, டாஸுக்குப் போனால் ஊமையாகிவிடுகிறது." போர்டில் உள்ள ஏசி97 சவுண்டு, சவுண்டு பிளாஸ்டர் மாதிரி நடிக்கத் தெரியாதது. எஸ்பிஎமு என்ற இலவச மென்பொருள் டாஸில் அதைச் சவுண்டு பிளாஸ்டராகக் காட்டும். எல்லா கேமுக்கும் ஒத்துவராது, ஆனால் பல கேமுக்கு ஒத்துவருகிறது.

கேமின் செட்டப்பில் போர்ட், ஐஆர்கியூ, டிஎம்ஏ கேட்கும். முதலில் 220, 5, 1 என்று கொடுங்கள். சில பழைய கேம்கள் ஐஆர்கியூ 7-ஐத்தான் தேடும். அதில் பிரிண்டர் போர்ட் உட்கார்ந்திருந்தால் பயாஸில் போய் பிரிண்டர் போர்ட்டை அணைத்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். 1996-இல் வந்த க்வேக் போன்ற கேம்களில் இசை சாதாரண ஆடியோ சிடி போல டிஸ்கிலேயே இருக்கும். சிடி டிரைவின் பின்னாலிருந்து சவுண்டு கார்டுக்கு ஒரு மெல்லிய நான்கு ஒயர் கேபிள் போகும். அது இல்லாமல் "கேம்ல மியூசிக்கே வரல" என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. காயலான் கடையில் அந்தக் கேபிளைத்தான் முதலில் பிடுங்கிப் போடுவார்கள்.

வூடூ கார்டு இல்லாமல் முடியாதா?

முடியும். 3டிஎஃப்எக்ஸ் கம்பெனி 1996-இல் வெளியிட்ட வூடூ பெரிய புரட்சிதான். நீட் ஃபார் ஸ்பீடு 2-இன் ஸ்பெஷல் எடிஷனும், 1998-இல் வந்த அன்ரியலும் அதில் ஓடியதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் நம் ஊர் வீடுகளில் அது அரிதாகவே இருந்தது. இன்று உலகம் முழுக்க சேகரிப்பாளர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். 3டிஎஃப்எக்ஸ்ஸின் கிளைடு என்ற தனி மொழியில் மட்டும் எழுதிய கேம்கள் கொஞ்சம்தான். அவற்றுக்கு எக்ஸ்பி மெஷினில் என்கிளைடு என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

பென்டியம் 3-க்கு டிஎன்டி2 எம்64, ஜிஃபோர்ஸ்2 எம்எக்ஸ், எம்எக்ஸ்440 இவற்றில் எது கையில் வருகிறதோ அதைப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய ஏஜிபி கார்டுகள் 3.3 வோல்ட்டில் ஓடுபவை, 845 போன்ற சிப்செட் உள்ள பென்டியம் 4 போர்டுகள் 1.5 வோல்ட் மட்டும் தருபவை. பொதுவாகப் பொருந்தாத கார்டு ஸ்லாட்டில் உட்காராது. ஆனால் சில மலிவு கார்டுகளில் வெட்டு தவறாக இருக்கும், உட்கார்ந்து போர்டை எரித்துவிடும். எந்தச் சிப் என்று தெரியாத கார்டை பென்டியம் 4-இல் மாட்டாதீர்கள்.

கேம் கண்மண் தெரியாமல் வேகமாக ஓடுகிறது. "ரன்டைம் எரர் 200" என்று வேறு வருகிறது.

இரண்டுக்கும் ஒரே காரணம், மெஷின் வேகம் அதிகம். 1990-இல் வந்த விங் கமாண்டர் போன்றவை பிராசசரின் வேகத்தையே கடிகாரமாக நம்பின. பயாஸில் போய் கேஷை (பிராசசருக்கென்று உள்ள வேகமான குட்டி நினைவகம்) அணைத்துப் பாருங்கள். பென்டியம் எம்எம்எக்ஸ் ஏறக்குறைய 386 வேகத்துக்கு இறங்கிவிடும். நான் பென்டியம் எம்எம்எக்ஸை விடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

எரர் 200 என்பது டர்போ பாஸ்கலில் எழுதிய கேம்களில் வருவது. ஆரம்பத்திலேயே மெஷின் வேகத்தை அளக்கும்போது கணக்கு எல்லை தாண்டிவிடுகிறது. இதற்கென இலவசத் திருத்தங்கள் இருக்கின்றன.

256 எம்பி ராம் இருந்தும் டாஸ் கேம் "நினைவகம் போதவில்லை" என்கிறதே?

டாஸுக்கு முதல் 640 கேபிதான் சொந்த வீடு. முதல் பிசியின் பிராசசர் மொத்தமே 1 எம்பிதான் பார்க்கும். அதில் மேலே உள்ள 384 கேபியை திரைக்கும் பயாஸுக்கும் ஒதுக்கினார்கள். அந்த 640-க்குள் மவுஸ் டிரைவர், சிடி டிரைவர் எல்லாம் நுழைந்துவிட்டால், 600 கேபி கேட்கும் கேமுக்கு இடமில்லை. டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஹைமெம், ஈஎம்எம்386 என்ற நினைவக டிரைவர்கள் இரண்டையும் ஏற்றி, மற்ற டிரைவர்களை மேல் நினைவகத்துக்குத் தள்ளுங்கள். பழைய மவுஸ் டிரைவருக்குப் பதில் க்யூட்மவுஸ் போட்டால் சில கேபியிலேயே முடிந்துவிடும். 1992-இல் வந்த அல்டிமா 7 போன்ற சில கேம்களோ ஈஎம்எம்386 இருந்தாலே ஓடாது. டாஸ் 6-லிருந்து கான்ஃபிக்.சிஸ்ஸிலேயே பூட் மெனு வைக்கலாம். கேமுக்கு ஒன்றாகத் தனித்தனி அமைப்பு செய்து வையுங்கள்.

ஹார்டு டிஸ்க் பழையதே போடலாமா?

ஓடும் வரை ஓடட்டும், ஆனால் அதை நம்பி சேவ் கேம்களை வைக்காதீர்கள். ஹார்டு டிஸ்க் மாட்டும் ஐடிஇ கனெக்டரில் மாட்டும் சிஎஃப் கார்டு (பழைய கேமராக்களில் வந்த மெமரி கார்டு) அடாப்டர் மலிவாகக் கிடைக்கிறது. சிஎஃப் கார்டு மின்சார அளவில் ஐடிஇ போலவே பேசுவதால் டிரைவர் எதுவும் தேவையில்லை. சூடு இல்லை, சத்தம் இல்லை, கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு கேம்களை நேராகவே காப்பி செய்துவிடலாம். அந்தக் காலத்துப் பயாஸ்கள் பல 32 ஜிபிக்கு மேல் கண்டால் உறைந்துபோகும். அதனால் 8 அல்லது 16 ஜிபி போதும். டாஸ் 6.22 போட்டால் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் கூடாது.

விண்டோஸ் 98-இல் 512 எம்பிக்கு மேல் ராம் போட்டால் கேஷ் கணக்கு குழம்பி ஏதேதோ எரர் வரும். 256 போதும். மெஷினை இன்டர்நெட்டில் இணைக்காதீர்கள். விண்டோஸ் 98-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2006 ஜூலையோடு நின்றுவிட்டன.

வாங்கிய ஹார்டு டிஸ்கில் யாருடைய ஃபைல்களோ இருக்கின்றன. என்ன செய்வது?

படிக்காதீர்கள். கல்யாணப் படங்களும் கடிதங்களும் வரவு செலவுக் கணக்கும் இருக்கும். கொடுத்தவர் தெரிந்தவர் என்றால் சிடியிலோ பென் டிரைவிலோ போட்டு அவரிடம் கொடுங்கள். ஒரு முறை குடியாத்தத்துப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு இப்படிக் கொடுத்தேன். யூனிகோடுக்கு முந்திய தமிழ் ஃபான்ட்டில் அவர்கள் அப்பா தட்டச்சு செய்திருந்த கடிதங்கள் அவை. அந்த ஃபான்ட்டும் அதே டிஸ்கில் இருந்ததால்தான் படிக்க முடிந்தது. ஆள் தெரியாவிட்டால் முழுவதுமாக அழித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மானிட்டர் சிஆர்டிதான் வேண்டுமா?

இடம் இருந்தால் ஆமாம். 15 அல்லது 17 அங்குலம். டிவி மெக்கானிக் கடைகளில் கேளுங்கள். ஆட்டோவில் கொண்டுவரும்போது கண்ணாடி முகம் சீட்டின் முதுகைப் பார்த்தபடி, கீழே போர்வை மடித்துப் போட்டு வையுங்கள். பின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் தங்கும்.

இடமில்லாவிட்டால் பழைய 4:3 எல்சிடி போடலாம். அகலத்திரையில் மட்டும் இழுத்துப் பார்க்காதீர்கள், இளவரசன் குண்டாகிவிடுவான்.

வேலூர் வெயிலில் இது தாங்குமா?

பென்டியம் 3 தாங்கும். அது எடுப்பதே சுமார் 20, 30 வாட். பென்டியம் 4-இல் பிரெஸ்காட் வகை 80, 90 வாட், சிலவற்றில் அதற்கு மேலும் போகும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், தகர ஷீட் போட்ட மாடி அறையில் அதை மத்தியானம் ஓட்டுவது நல்லதல்ல. நான் மே மாதம் முழுக்க ராத்திரியில்தான் ஓட்டுவேன். எந்தப் பழைய மெஷினாக இருந்தாலும் ஹீட் சிங்கைக் கழற்றி, காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட பேஸ்ட்டைச் சுரண்டி, புதிது போடுங்கள். சின்ன ஃபேன் சுற்றாமல் முனகினால் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் கொஞ்ச நாள் தள்ளும். நிரந்தரத் தீர்வு புது ஃபேன்.

கேம்கள் எங்கே கிடைக்கும்?

2008 முதல் இயங்கும் ஜிஓஜி தளத்தில் பழைய கேம்கள் நிறைய விற்கிறார்கள். டூம், க்வேக் இரண்டும் அங்கே உண்டு. டாஸ் கேம்களை டாஸ்பாக்ஸோடு சேர்த்துத் தருவார்கள். அந்த ஃபோல்டரில் உள்ள கேம் கோப்புகள் பெரும்பாலும் நிஜ மெஷினிலும் ஓடும். டூமின் முதல் பகுதி தொடக்கத்திலிருந்தே இலவசமாகப் பகிரத்தான் வெளியிடப்பட்டது, அதிலிருந்தே தொடங்கலாம். டாஸுக்கு ஃப்ரீடாஸ் இருக்கிறது, முழுக்க இலவசம்.

செத்துப்போன போர்டுகளை என்ன செய்வது?

உதிரிக்கு ஆகும் சிப், கனெக்டர், ஹீட் சிங்க் எல்லாம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை இ-கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். செம்புக்காக ஒயரை எரிப்பதும், தங்கத்துக்காக ஆசிடில் போடுவதும் சில இடங்களில் நடக்கிறது. அந்த ஈயமும் ஆசிடும் கடைசியில் மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான் போகும். தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பழைய மெஷின் மேல் ஆசை வைத்த நாமாவது இதில் கவனமாக இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஓட்டாமல் வைத்திருந்தால் கெடுமா?

ஈரம் ஏறும், கனெக்டர்கள் பச்சை பிடிக்கும், எறும்பு கூடு கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் இரண்டு தடவை அரை மணி நேரமாவது ஆன் செய்து வையுங்கள். உதிரி கார்டுகளை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஆம்பூர் ஷூ வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அதே பொட்டலம்தான். ரொம்ப நாள் ஈரத்தில் கிடந்த மெஷினை உடனே ஆன் செய்யாமல், மூடியைக் கழற்றி ஒரு நாள் முழுக்க ஃபேன் காற்றில் வைத்துவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.